கரையும் கரும்பலகையும்

தோணிரேவு என்னும் ஊர்ப்பெயரில் இரண்டு மொழிகள் சேர்ந்து நிற்கின்றன. தோணி நம் தமிழ்ச் சொல். ரேவு என்பது துறையைக் குறிக்கும் தெலுங்குச் சொல். தோணி வந்து அணையும் துறை என்பது பொருள். பழவேற்காட்டு ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்பகுதி தமிழகத்திலும் கிடக்கின்றது. எல்லைக்கோடு வரைபடத்திற்கு வந்தது பிற்காலத்தில். அதற்கு நெடுநாள் முன்னரே இரு மொழியினரும் இந்நீர்ப்பரப்பில் ஒருவரோடொருவர் கலந்து வாழ்ந்தனர் என்பதற்கு இந்தச் சிற்றூரின் பெயரே சான்று. இந்த ஒரு பெயரை வைத்துக்கொண்டு ஓர் ஆசிரியர் மொழியையும் வரலாற்றையும் புவியியலையும் ஒரே காலைப் பொழுதில் கற்பித்துவிடலாம். ஆனால், அதற்கு அவர் மாணவரை அழைத்துக்கொண்டு துறைக்கு வந்தாக வேண்டும். அவ்வாறு வருவதற்கு அவருக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? இக்கட்டுரையில் நாம் எழுப்பும் கேள்வி இதுவே.

மாணவரை வகுப்பறைக்கு வெளியே கொண்டுசென்று, மண்ணையும் நீரையும் மனிதரின் உழைப்பையும் நேரில் கண்டு கற்கச் செய்வதை வெளிக்களக் கல்வி என்று இங்கே வழங்குவோம். அதைப் பாராட்டாதவர் எவருமில்லை. எனினும் நம் உயர்நிலைப் பள்ளிகளில் அது ஆண்டுக்கொரு சுற்றுலாவாகச் சுருங்கிக் கிடக்கின்றது. இதற்கு மாணவரின் ஆர்வக் குறைவையோ ஆசிரியரின் சோம்பலையோ காரணம் காட்டுவது எளிது. ஆனால், வரலாற்றைப் புரட்டினால் வேறொரு காரணம் தெரிகின்றது. வெளியே அழைத்துச் செல்லும் ஆசிரியரை உருவாக்கும் பணியை நாம் பலமுறை தொடங்கியிருக்கிறோம். ஒவ்வொரு முறையும் பாதியில் கைவிட்டிருக்கிறோம்.

டிரில் மாஸ்டரின் காலம்

சென்னையில் ஆசிரியர்ப் பயிற்சிக்கென்று அரசின் நார்மல் பள்ளி 1856-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. பின்னர் சைதாப்பேட்டையில் ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்தது அதுவே. அங்கே பயின்று எல்.டி., பி.டி. பட்டம் பெற்றவர்கள் மாநிலமெங்கும் உயர்நிலைப் பள்ளிகளில் பணியாற்றினர். பாடத்தை எப்படிப் பகுத்துச் சொல்வது, கரும்பலகையை எப்படிப் பயன்படுத்துவது, வினாவை எப்படித் தொடுப்பது என்பவற்றில் அவர்கள் தேர்ச்சி பெற்றிருந்தனர். பள்ளியின் சுவருக்கு வெளியே நடப்பது அவர்கள் பொறுப்பில் இல்லை. திடலில் மாணவரை நிறுத்திக் கைகால்களை அசைக்கச் செய்ய ஒரு 'டிரில் மாஸ்டர்' இருந்தார். பெரும்பாலும் படையிலிருந்து ஓய்வு பெற்றவர். வெளி என்றால் உடல், வகுப்பு என்றால் அறிவு என்ற பிரிவினை அப்போதே வேரூன்றிவிட்டது.

இப்பிரிவினையை மாற்ற முதலில் முயன்றவர் அமெரிக்கரான ஹாரி குரோ பக். 1920-இல் அவர் சென்னையில் நிறுவிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி ஆசியாவிலேயே அவ்வகையில் முதலாவது எனப்படுகின்றது. ஓய்வுபெற்ற படைவீரரின் இடத்தில் பயிற்சி பெற்ற ஆசிரியரை நிறுத்த வேண்டும், விளையாட்டுத் திடலும் ஒரு கல்விக்களம் என்பதை அவர் உணர்ந்து கற்பிக்க வேண்டும் என்பதே பக்கின் வேட்கை. 1943-இல் அவர் மறையும்வரை அதற்காகவே உழைத்தார். அதே காலத்தில் சாரணர் இயக்கமும் பள்ளிகளுக்குள் வந்தது. இந்தியச் சிறுவருக்கு அவ்வியக்கத்தில் இடம் மறுக்கப்பட்ட நிலையில், அன்னி பெசன்ட் அம்மையார் 1917-இல் சென்னையில் இந்தியச் சாரணர் சங்கத்தைத் தோற்றுவித்தார். பாசறை அமைத்தல், வழி கண்டறிதல், முதலுதவி ஆகியவற்றைக் கற்பிக்க ஆசிரியர்களே சாரணத் தலைவர்களாயினர்.

இவ்விரு முயற்சிகளும் பெரிய நன்மை செய்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அறிவியல் ஆசிரியரும் வரலாற்று ஆசிரியரும் தத்தம் அறையிலேயே இருந்துவிட்டனர். வெளிக்களம் உடற்கல்வி ஆசிரியருக்கும் சாரணத் தலைவருக்கும் உரியதாயிற்று.

வார்தாவில் ஒரு யாழ்ப்பாணத் தமிழர்

1937 அக்டோபர் 22, 23 ஆகிய நாள்களில் வார்தாவில் காந்தியடிகள் கூட்டிய கல்வி மாநாடு வேறொரு வழியைக் காட்டியது. டாக்டர் ஜாகிர் உசேன் தலைமையில் அமைந்த குழு, கைத்தொழில், இயற்கைச் சூழல், சமுதாயச் சூழல் ஆகிய மூன்றையும் மையமாகக் கொண்டு எல்லாப் பாடங்களையும் இணைக்கும் ஆதாரக் கல்வித் திட்டத்தை வகுத்தது. அதனை நடைமுறைப்படுத்த அமைந்த இந்துஸ்தானி தாலீமி சங்கத்தின் செயலாளராகப் பொறுப்பேற்றவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த தமிழ்க் கிறிஸ்தவரான இ.டபிள்யூ. ஆரியநாயகம். தாகூரின் சாந்திநிகேதனில் பணியாற்றி, மரத்தடியில் வகுப்பு நடக்கும் அழகைக் கண்டவர். அவரும் அவர் துணைவியார் ஆஷாதேவியும் சேவாகிராமத்தில் பல ஆண்டுகள் தங்கி ஆசிரியர்களை உருவாக்கினர்.

'உருவாக்கினர்' என்ற சொல்லை நாம் தெரிந்தே எழுதுகிறோம். குருமாணவரின் கல்வியைக் குறிப்பிடும்போது 'பயிற்சி' என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல் 'உருவாக்கம்' என்று சொல்வது நம் வழக்கம். பயிற்சி ஒரு திறனைத் தரும். உருவாக்கம் ஆளையே மாற்றும். சேவாகிராமத்தில் ஆசிரியர் தாமே நூற்றார், தோட்டம் கொத்தினார், கழிப்பிடம் துப்புரவு செய்தார், ஊராரோடு பழகினார். தாம் வாழ்ந்து பார்த்ததையே பின்னர் மாணவருக்கு நடத்தினார். தமிழகத்தில் 1947-இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. இராமச்சந்திரனும் தொடங்கிய காந்திகிராமம் இவ்வழியில் வந்ததே.

ஆனால், திட்டம் நாடெங்கும் பரவியபோது உருவாக்கம் பரவவில்லை. தக்ளி மட்டும் பள்ளிக்கு வந்தது. இயற்கைச் சூழலும் சமுதாயச் சூழலும் பின்தங்கிவிட்டன. அதுவும் தொடக்கப் பள்ளிகளில்தான். உயர்நிலைப் பள்ளி ஆசிரியரின் பயிற்சியை இத்திட்டம் பெரிதும் தீண்டவே இல்லை.

1953-இன் இரண்டு ஏடுகள்

அடுத்து நாம் காணவேண்டிய ஆண்டு 1953. அவ்வாண்டு சென்னை மாநிலத்தில் இரண்டு கல்வி ஏடுகள் ஒரே காலத்தில் திறந்தன. ஒன்று இராஜாஜி அரசின் திருத்தப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம். ஊர்ப்புறப் பிள்ளைகள் நாளில் ஒரு பகுதி பள்ளியில் பயில, மறுபகுதியில் பெற்றோரிடமோ ஊரிலுள்ள தொழிலாளரிடமோ தொழில் கற்க வேண்டும் என்றது அது. குறைந்த செலவில் மிகுதியான பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம் கிடைக்கும் என்று அரசு வாதிட்டது. மக்களோ அதனைக் குலக்கல்வித் திட்டம் என்றே அழைத்தனர். சலவைத் தொழிலாளியின் மகன் துணி வெளுக்கவும் மீனவன் மகன் வலை இழுக்கவுமே இது வழி செய்யும் என்று பெரியாரும் அண்ணாவும் எதிர்த்தனர். 1954-இல் முதலமைச்சரான காமராசர் அதனைக் கைவிட்டார்.

மற்றோர் ஏடு, சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையில் நடுவண் அரசு அமைத்த இடைநிலைக் கல்விக் குழுவின் அறிக்கை. வகுப்புக்கு அப்பாற்பட்ட செயற்பாடுகள் கல்வியின் ஒரு பகுதியே என்றும், பயிற்சிக் கல்லூரியில் பயிலும் ஒவ்வோர் ஆசிரியரும் அவற்றுள் ஒன்றிலேனும் பயிற்சி பெறவேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது.

முதல் ஏடு எரிந்து மக்கள் நினைவில் வடுவாக நின்றது. இரண்டாவது ஏடு நூலகத்தில் உறங்கிப்போயிற்று. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் நம் பொருள் விளங்கும். இராஜாஜி திட்டத்தில் பிள்ளை பள்ளிக்கு வெளியே சென்ற நேரத்தில் அவனோடு ஆசிரியர் இல்லை. அவன் பார்த்ததைக் கேள்வியாக மாற்றவும், தந்தையின் தொழிலைத் தாண்டி நோக்கவும் துணை நிற்க ஒருவரும் இல்லை. ஆசிரியர் இல்லாத வெளிக்களம் கல்வியாகாது. அது சாதி வகுத்த பணிமனையாகவே முடியும். முதலியார் குழு பரிந்துரைத்தது அந்த வெளிக்களத்தில் நிற்கத்தக்க ஆசிரியரை.

இதே வேறுபாட்டை வேறொரு நாட்டிலும் காண்கிறோம். 1941-இல் வேல்ஸ் நாட்டின் அபெர்டோவி என்ற கடற்கரை ஊரில் கர்ட் ஹான் என்ற கல்வியாளரும் லாரன்ஸ் ஹோல்ட் என்ற கப்பல் நிறுவன உரிமையாளரும் 'அவுட்வர்டு பவுண்டு' எனப்படும் முதற் பள்ளியைத் தொடங்கினர். போர்க்காலத்தில் கப்பல் மூழ்கி உயிர்ப்படகில் தத்தளித்த மாலுமிகளுள், முதியோரைவிட இளையோரே விரைவில் மனந்தளர்ந்து இறந்தனர் என்ற கவலை அதற்குத் தூண்டுதல். அங்கே கடற்பணிக்குச் செல்வோருடன் தொழிற்சாலைப் பையன்களும் பள்ளி மாணவர்களும் சேர்ந்தே பயின்றனர். கடலுக்காகப் பயிற்றுவது வேறு, கடலைக் கொண்டு பயிற்றுவது வேறு என்பதை அப்பள்ளி தெளிவாக உணர்ந்திருந்தது. தோணிரேவைப் போன்ற ஊர்களுக்கு இது உயிர்நாடியான வேறுபாடு. மீனவர் வீட்டுப் பிள்ளையை ஏரிக்கு அழைத்துச் செல்லும்போது, "நான் படிக்க வந்தது இதற்குத்தானா?" என்று அதன் பெற்றோர் ஐயுறுவார்களானால், அந்த ஐயத்திற்கு 1953-இன் நியாயம் உண்டு. நகரத்துப் பிள்ளையும் மீனவர் பிள்ளையும் ஒரே கரையில் ஒரே கேள்வியோடு நிற்கும்போதே அந்த ஐயம் தீரும்.

ஹோஷங்காபாத் தந்த பாடம்

ஆசிரியரை முன்னிறுத்திய ஒரு முயற்சி சுதந்திர இந்தியாவில் முப்பது ஆண்டுகள் நீடித்தது. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-ஆம் ஆண்டு, கிஷோர் பாரதி என்ற அமைப்பும் குவேக்கர் கிறிஸ்தவரின் ரசூலியா ஊரக மையமும் சேர்ந்து 16 நடுநிலைப் பள்ளிகளில் புதிய அறிவியல் கல்வியைத் தொடங்கின. 1978-இல் அது மாவட்டம் முழுவதும் விரிந்தது. 1982 முதல் ஏகலவ்யா நிறுவனம் அதனைத் தாங்கியது. மாணவர் வயலுக்கும் ஓடைக்கும் சென்று மண்ணையும் இலையையும் பூச்சியையும் திரட்டி ஆராய்ந்தனர். தேர்வறைக்குள் நூலைக் கொண்டுசெல்லவும் அனுமதி இருந்தது.

நாம் கருத்திற் கொள்ளவேண்டியது இதன் அடித்தளத்தை. கோடை விடுமுறையில் ஆசிரியர்கள் கூடி, மாணவர் செய்யவிருந்த ஒவ்வொரு சோதனையையும் தாமே செய்து பார்த்தனர். தாமே வயலில் இறங்கினர். பள்ளி தொடங்கியபின் மாதந்தோறும் கூடி, எங்கே தடுமாறினோம், மாணவர் கேட்ட எந்தக் கேள்விக்கு விடை தெரியவில்லை என்று பேசினர். விடை தெரியாது என்று ஆசிரியர் மாணவரிடம் சொல்லலாம் என்ற துணிவை அக்கூட்டங்களே தந்தன. வெளிக்களத்தில் இது இன்றியமையாதது. வகுப்பறையில் கேள்வியை ஆசிரியர் தீர்மானிக்கிறார். ஏரிக்கரையில் கேள்வியை ஏரி தீர்மானிக்கின்றது. 2002-இல் மாநில அரசு இத்திட்டத்தை முடித்துவைத்தது. எனினும் ஒரு சாதாரண அரசுப் பள்ளி ஆசிரியர் வெளிக்கள ஆசிரியராக முடியும் என்பதற்கு அது நிலைத்த சான்றாயிற்று.

அதன்பின் வந்தவற்றை விரைந்து சொல்லிவிடலாம். 1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து மாவட்ட ஆசிரியர்க் கல்வி நிறுவனங்கள் வந்தன. 1991 நவம்பர் 22-இல் உச்சநீதிமன்றம் சுற்றுச்சூழலைப் பற்றிய கல்வியைக் கட்டாயமாக்க ஆணையிட்டது. 2001-02-இல் தேசிய பசுமைப் படை பள்ளிகளில் உருவாயிற்று. பி.எட். படிப்பு 2015 முதல் ஈராண்டாக நீண்டது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை பத்து நாள்கள் புத்தகப் பையின்றிக் கற்கலாம் என்கின்றது. அக்கொள்கையைத் தமிழகம் ஏற்காதது வேறு செய்தி. இவற்றையெல்லாம் அடுக்கிப் பார்த்தால் மாணவருக்கான திட்டங்கள் நிறைந்திருக்கின்றன. நூல் ஒன்றுண்டு, ஆணை ஒன்றுண்டு, நாளும் குறித்தாயிற்று. அழைத்துச் செல்பவரை ஆயத்தம் செய்வதுதான் மீண்டும் பின்னுக்குப் போயிற்று.

ஏரி கேட்கும் ஆசிரியர்

பழவேற்காட்டு ஏரி எத்தகைய ஆசிரியரைக் கேட்கின்றது என்பதை எண்ணிப் பார்ப்போம். ஆரணியாறு கொண்டுவரும் மழைநீரும் முகத்துவாரத்தின் வழியே ஏறும் கடல்நீரும் இங்கே சந்திக்கின்றன. வடகிழக்குப் பருவமழையில் உப்பு குறைகின்றது, கோடையில் கூடுகின்றது. மணல் சேர்ந்து முகத்துவாரம் தூர்ந்தால் ஏரியின் மூச்சு திணறுகின்றது. கடலில் பொரிக்கும் இறாற்குஞ்சுகள் அவ்வாயிலின் வழியேதான் ஏரிக்குள் வந்து வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. அவற்றின் வழி அடைபட்டால் வீட்டில் உலை ஏறாது என்பதைக் கரையிலுள்ள பிள்ளைகள் அறிவர். அதுவே உயிரியல் பாடம் என்பதை அவர்களுக்குச் சொல்ல ஒருவர் வேண்டும்.

பழவேற்காட்டு மீனவரிடையே 'பாடு' என்றொரு முறைமை உண்டு. மீன்பிடி இடங்களைக் குலுக்கல் முறையில் பகிர்ந்து, முறைவைத்து ஒவ்வொரு தலைக்கட்டுக்கும் வாய்ப்பளிப்பது அது. எவரும் நல்ல இடத்தை நிலையாகப் பற்றிக்கொள்ள முடியாது. கணித ஆசிரியர் நிகழ்தகவை இதைவிடத் தெளிவாக எங்கே காட்ட முடியும்? குடிமையியல் ஆசிரியர் அடுத்த கேள்வியையும் எழுப்ப வேண்டும்: இம்முறையில் இடம் பெறாதவர் யார்? பாட்டில் உரிமை ஊரையும் சாதியையும் சார்ந்தது. அவ்வுரிமை இல்லாமல் கையாலும் சிறு வலையாலும் பிழைப்போரும் இதே நீரில் இருக்கின்றனர். நீதியும் விலக்கும் ஒரே ஏற்பாட்டில் அடங்கியிருப்பதைக் காணும் மாணவன் சமூகத்தைப் படிக்கத் தொடங்கிவிட்டான்.

வரலாற்று ஆசிரியருக்கோ ஊரே ஏடு. 1613-இல் டச்சுக்காரர் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினர். 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் இதுவே. பழவேற்காட்டுத் துணியின் பெயரால் மலாய் மக்கள் இன்றும் கைலியை 'பெலிக்காட்' என்கின்றனர். துணியோடு மனிதரும் ஏற்றுமதியாயினர். பஞ்சத்தாலும் போராலும் சீரழிந்த ஆயிரக்கணக்கானோர் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டனர். டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் சிற்பக் கற்களைக் காட்டும் ஆசிரியர், கல்லறையே இல்லாமற் போன அந்த ஆயிரங்களையும் சொல்ல வேண்டும். ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 1971 அக்டோபர் 9-ஆம் நாள் முதல் ராக்கெட் எழுந்தது. அதன் பொருட்டுத் தீவின் குடிகள் இடம்பெயர்க்கப்பட்டனர். வானில் எழும் தீச்சுடரைக் கண்டு வியக்கும் பிள்ளைகளுக்கு இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் முழுமையான வரலாறு.

இவ்வளவையும் ஓர் ஆசிரியர் தனியே அறிந்திருக்க முடியுமா? முடியாது. ஆனால், கற்றுக்கொள்ள முடியும். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் விலங்கியல் பேராசிரியர் பி.ஜே. சஞ்சீவராஜ் பல பத்தாண்டுகள் இந்த ஏரியைப் பயின்றவர். ஏரியின் உயிரினங்களைப் பற்றிய அவருடைய நூலைத் தேசிய பல்லுயிர் ஆணையம் 2006-இல் வெளியிட்டது. ஓர் இடத்திற்கு மீண்டும் மீண்டும் வரும் பொறுமை இருந்தால் ஆசிரியர் ஒருவர் எவ்வளவு தூரம் செல்லலாம் என்பதற்கு அவர் வாழ்வு சான்று.

உயிரின் விலை

இப்பொருளின் மிகக் கடினமான பகுதியை இறுதியில் வைத்தோம். 2007 பிப்ரவரி 20-இல் கேரளத்தின் தட்டேக்காடு பறவைகள் சரணாலயத்திற்குச் சென்ற பள்ளிக் குழு ஒன்றின் படகு மூழ்கி, 15 மாணவரும் 3 ஆசிரியரும் இறந்தனர். 2011-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளன்று பழவேற்காட்டிலேயே படகு கவிழ்ந்து, உல்லாசப் பயணமாக வந்தவர்களுள் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2024 ஜனவரி 18-இல் வதோதராவின் ஹர்ணி ஏரியில் 12 மாணவரும் 2 ஆசிரியரும் மடிந்தனர். அளவுக்கு மீறி ஏற்றியதும், மிதவை அங்கி எல்லாருக்கும் தராததும் போன்ற குறைகளே இத்தகைய சாவுகளுக்குப் பின்னால் திரும்பத் திரும்பத் தெரிகின்றன. இறந்த ஆசிரியர்களைக் குறைகூற நமக்கு உரிமை இல்லை. படகில் எத்தனை பேர் ஏறலாம், எப்போது ஏற மறுக்க வேண்டும் என்பதை எந்தப் பயிற்சிக் கல்லூரியும் அவர்களுக்குக் கற்பித்திராது.

இத்தகைய விபத்துக்குப் பின் நம் பள்ளிகள் செய்வது ஒன்றே: வெளியே செல்வதை நிறுத்திவிடுவது. இங்கிலாந்து வேறு வழியில் சென்றது. 1993 மார்ச்சில் லைம் விரிகுடாவில் துடுப்புப் படகுப் பயணத்தில் பதின்வயதினர் நால்வர் இறந்தபோது, 1995-இல் சட்டமியற்றி, இளையோருக்கு இத்தகைய செயற்பாடுகளை நடத்தும் நிலையங்கள் உரிமம் பெறவேண்டும் என்றும், நடத்துவோரின் தகுதியைச் சோதிக்க வேண்டும் என்றும் விதித்தனர். அழைத்துச் செல்பவரைத் தகுதிப்படுத்துவதே பிள்ளைகளின் பாதுகாப்பு என்ற தெளிவு அதிலிருந்தது.

நாம் செய்யத்தக்கது

நம் மறைமாவட்டங்களின் பொறுப்பில் பள்ளிகளும் ஆசிரியர்ப் பயிற்சிக் கல்லூரிகளும் உள்ளன. அரசின் புதிய ஆணைக்குக் காத்திராமல் நாம் சிலவற்றைத் தொடங்கலாம். பி.எட். பயிலும் ஒவ்வொருவரும் ஏதேனும் ஓரிடத்தை, ஏரியோ குன்றோ சந்தையோ, ஓராண்டில் பலமுறை சென்று பயிலட்டும். நீந்தவும் முதலுதவி செய்யவும், காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்து இன்று வேண்டாம் என்று சொல்லவும் கற்கட்டும். தம் பாடத்தின் ஓர் அலகையேனும் அவ்விடத்தில் வைத்து நடத்திக் காட்டித் தேர்ச்சி பெறட்டும். பணியில் சேர்ந்தபின் ஹோஷங்காபாத் ஆசிரியர்களைப் போல மாதம் ஒருமுறை கூடிப் பேசட்டும்.

இன்னொன்றும் உண்டு. நீரின் நிறத்தைக் கொண்டு மீன்வரத்தைச் சொல்லும் முதியவரும், சேற்றில் கைவிட்டு இறாலைத் தேடிப் பிடிக்கும் பெண்ணும் ஏரியைப் பொறுத்தவரை நமக்கு ஆசிரியர்களே. ஆசிரியராகப் போகிறவர் முதலில் அவர்களிடம் மாணவராக அமரவேண்டும். கல்லூரியில் விருந்தினர் உரைக்கு வரும் அறிஞருக்குத் தரும் ஊதியத்தை அவர்களுக்கும் தரவேண்டும். ஒருநாள் தொழிலை விட்டு வருபவருக்கு அது சலுகையன்று, உரிமை. தம் தந்தை கல்லூரி மாணவருக்குப் பாடம் சொல்வதையும், அதற்குரிய மதிப்பைப் பெறுவதையும் காணும் தோணிரேவுப் பிள்ளை, அத்தொழிலுக்கே தான் திரும்ப வேண்டும் என்ற அச்சமின்றி அதைப் பற்றிப் படிக்க முன்வரும். 1953-இல் பட்ட வடு ஆறுவதற்கும் இதுவே வழி என்று நாம் நம்புகிறோம்.